கிளிமாஞ்சாரோ அடிவாரத்தில் ஓராண்டு

பொருள் தேடிச் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நம் சங்கத்துக் குடும்பங்களுள் பெரும்பாலானவை, தந்தையாரோ பாட்டனாரோ ஓர் எழுத்தர் வேலையை நம்பி மும்பைக்கு இரயில் ஏறிய காரணத்தால் இங்கே வேரூன்றியவை. ஆகவே, கணவனும் மனைவியுமாக நாங்கள் ஓராண்டுக்கு ஊதியமில்லா விடுப்புப் பெற்றுக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குச் செல்கிறோம் என்று சொன்னபோது, மாட்டுங்காவில் எங்களை வாழ்த்தியவர்களைவிட வினவியவர்களே மிகுதி. "அங்கே சம்பளம் எவ்வளவு?" என்பது முதற்கேள்வி. சம்பளம் இல்லை என்றதும், "அப்படியானால் எதற்காகப் போகிறீர்கள்?" என்பது அடுத்த கேள்வி. அதற்கு அன்று எங்களிடம் இருந்த விடையைக் காட்டிலும் இன்று இருக்கும் விடை சற்றே தெளிவானது. அதனால்தான் இக்கட்டுரையை எழுத இசைந்தோம்.

எங்களுள் ஒருவர் பள்ளியில் கணித ஆசிரியர். மற்றவர் வங்கியில் கணக்கு அதிகாரி. பிள்ளைகள் படிப்பை முடித்துத் தத்தம் வழியே சென்றுவிட்டனர். ஓய்வு பெறுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. கால்களில் வலு இருக்கும்போதே, கற்ற தொழிலைக் கொண்டு வேறோரிடத்தில் ஓராண்டு உழைத்துப் பார்க்கலாம் என்று எண்ணினோம். 2023 ஜனவரி முதல் டிசம்பர் வரை தான்சானியா நாட்டின் வடபகுதியில், மோஷி நகருக்கு மேலே மலைச்சரிவில் உள்ள ஒரு சிற்றூரில் தங்கினோம்.

மும்பைக்கும் தாருஸ்ஸலாம் நகருக்கும் இடையே உள்ள தொலைவு விமானத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். நம் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து மோஷிக்குப் பேருந்தில் ஒரு பகல் முழுதும் செல்கிறது. சணல் தோட்டங்களைப் போலத் தோன்றும் கற்றாழை நார்த் தோட்டங்களையும், பாரே மலைத்தொடரையும் கடந்து செல்லும் அந்தச் சாலை அழகியது. மோஷியை அடைந்ததும் எல்லாரும் வடக்கு நோக்கித் தலை நிமிர்ந்து பார்க்கின்றனர். 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமாஞ்சாரோ அங்கே நிற்கிறது; ஆனால் எளிதில் தெரிவதில்லை. பகலெல்லாம் முகில் மூடிக்கொள்கிறது. விடியற்காலையிலும் மாலையிலும் திரை விலகும்போது பனிமுடி வெளிப்படுகிறது. அந்தப் பனியும் குறைந்து வருகிறது. 1912-க்கும் 2011-க்கும் இடைப்பட்ட காலத்தில் பனிப்பரப்பில் நூற்றுக்கு 85 பங்கு கரைந்துவிட்டதாக அளந்து கூறியுள்ளனர்.

மோஷியில் எங்களைக் கண்டவர்கள் கேட்டது மாட்டுங்கா நண்பர்கள் கேட்டதைவிட வேடிக்கையானது. "உங்கள் கடை எந்தத் தெருவில்?" என்றனர். இந்தியர் என்றாலே கடைக்காரர் என்பது அவர்கள் கண்ட வரலாறு. கடைக்குச் சுவாஹிலி மொழியில் வழங்கும் 'துக்கா' என்னும் சொல்லே நம் நாட்டு வணிகர் கொண்டு சென்றது. வண்டிக்குக் 'காரி', இலட்சத்திற்கு 'லாக்கி', சப்பாத்திக்குச் சப்பாத்தியே. மூன்று சக்கர வாடகை வண்டியை, அதைச் செய்த நிறுவனத்தின் பெயராலேயே 'பஜாஜி' என்று அழைக்கின்றனர்! குஜராத்தியர் தலைமுறை தலைமுறையாக அங்கே வணிகம் செய்கின்றனர். 1971-இல் ஓர் இலட்சம் ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள வாடகைக் கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டபோது பல குடும்பங்கள் வெளியேறின; எஞ்சியவர்கள் இன்றும் இருக்கின்றனர். இந்தியர் வாங்கவும் விற்கவும் வருவர் என்பதை அறிந்த ஊரில், இரண்டும் இல்லாமல் வந்து நிற்பவரை எந்த இனத்தில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் அதை இழிவாகக் கருதவில்லை. நியாயமான ஐயம்தான்.

தொண்டு செய்ய வெளிநாட்டார் வருவது அப்பகுதிக்குப் புதிதன்று. சமயத் தொண்டர்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 1958-இல் பிரிட்டனில் வி.எஸ்.ஓ. என்னும் தொண்டர் அமைப்புத் தோன்றிற்று. 1961-இல் அமெரிக்காவில் கென்னடி அமைதிப் படையைத் தோற்றுவித்தார். அப்படையின் முதல் அணிகள் சென்ற நாடுகளுள், தான்சானியாவின் பெருநிலப் பகுதியாகிய தாங்கனீக்காவும் ஒன்று. சாலை அமைக்க நிலம் அளப்பவர், பொறியாளர், நிலவியலார் ஆகியோரே அந்நாட்டுக்கு முதலில் வந்தனர். அந்த ஆண்டு டிசம்பர் மாதம்தான் தாங்கனீக்கா விடுதலை பெற்றது. கையில் ஒரு தொழில் உள்ளவர், அத்தொழிலுக்கு ஆள் வேண்டியிருந்த இடத்துக்கு, இரண்டாண்டு தங்குவதற்காக வந்தனர். இன்று மோஷியில் காண்பது வேறு. மலையேற வருவோருக்கு விடுதிகள் இருப்பதுபோல், இரண்டு வாரம் தொண்டு செய்ய வருவோருக்கென்றும் விடுதிகள் உள்ளன. அதற்குக் கட்டணம் உண்டு; படம் எடுத்துக்கொள்ளக் குழந்தைகளும் உண்டு. அனாதை இல்லங்களில் சில நாள் வந்து கொஞ்சிவிட்டுப் போகும் வழக்கம் குழந்தைகளுக்குத் தீங்கு என்று உலகெங்கும் குழந்தை நலம் நாடுவோர் கூறி வருகின்றனர். ஒட்டிக்கொள்வதும் பிரிவதும் மாறி மாறி நடந்தால் பிஞ்சு உள்ளம் என்ன ஆகும் என்பதைத் தாய்மார்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

நாங்கள் சென்றது அரசினர் உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு. இத்தகைய பள்ளிகளை, ஊரார் கல்லும் மணலும் சுமந்து கட்டிக் கொடுக்க, அரசு ஏற்று நடத்துகிறது. 2016 முதல் படிப்புக்குக் கட்டணம் இல்லை. நண்பகல் உணவுக்கு மட்டும் பெற்றோர் மக்காச்சோளமும் அவரையும் பணமும் தருகின்றனர். இவ்விரண்டையும் சேர்த்து வேகவைத்த 'மக்காண்டே' என்பதே பள்ளி உணவு. நாங்களும் அதையே உண்டோம். சைவ உணவினர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் தலைமையாசிரியை அம்மையாரைக் கண்டோம். ஐம்பது வயதிருக்கும். எங்கள் சான்றிதழ்களைப் பொறுமையாகப் படித்தார். பிறகு, "நீங்கள் வகுப்பு எடுக்க வேண்டாம்," என்றார். கணிதம் கற்பிப்பதற்காகவே கடல் கடந்து வந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! அம்மையார் தொடர்ந்தார்: "நீங்கள் கற்பித்தால் பதினொரு மாதம் பிள்ளைகள் நன்றாகக் கற்பார்கள். பன்னிரண்டாவது மாதம் நான் யாரைத் தேடிப் போவேன்? எங்களிடம் ஒரு கணித ஆசிரியர் இருக்கிறார். அவர் அருகில் உட்காருங்கள்."

அந்த ஆசிரியர் இருபத்தேழு வயது இளைஞர். பல்கலைக்கழகத்தில் கணிதமும் ஆசிரியப் பயிற்சியும் முடித்தவர். அரசுப் பணி ஆணையை எதிர்பார்த்துக் காத்திருப்பவர். அவரைப் போலப் பட்டம் பெற்றுக் காத்திருக்கும் ஆசிரியர்கள் அந்நாட்டில் பலர். காத்திருக்கும் காலத்தில் பலரும் தங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிகளில் தொண்டாசிரியராகப் பணியாற்றுகின்றனர். பெற்றோர் கூடிச் சிறு தொகை தருகின்றனர். இதற்குச் சுவாஹிலியில் 'குஜிதோலேயா' என்று பெயர். தன்னைத் தானே எடுத்துக் கொடுத்தல் என்பது பொருள். எங்கள் குடியிருப்பு அனுமதிச் சீட்டிலும் அந்த வகைப் பணியே குறிக்கப்பட்டிருந்தது. அவரும் தொண்டர், நாங்களும் தொண்டர். எங்களுக்கு மும்பையில் வேலை காத்திருந்தது. வங்கியில் சேமிப்பு இருந்தது. அவருக்கோ பெற்றோர் தரும் தொகையைத் தவிர வேறில்லை. அதில் ஊரிலிருக்கும் தாயாருக்கும் ஒரு பங்கு அனுப்பிவந்தார்.

பிப்ரவரியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. நாங்கள் பின் வரிசையில் அமர்ந்திருந்தோம். சுவாஹிலி மொழி எங்களுக்குப் பாதிதான் விளங்கிற்று. ஆயினும் பேச்சு எங்கே திரும்புகிறது என்பது விளங்கத் தவறவில்லை. ஒரு பெரியவர் எழுந்து, இந்தியாவிலிருந்து அனுபவமுள்ள ஆசிரியர் வந்திருக்கிறார், காசு கேட்கவில்லை, ஆகவே இளைஞருக்குத் தரும் தொகையை இந்த ஆண்டு நிறுத்திச் சோளம் வாங்கினால் என்ன என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. முந்தைய பருவத்தில் மழை பொய்த்து விளைச்சல் குறைந்திருந்தது. பிள்ளைகளுக்கு வயிறு நிறைய வேண்டுமா, வேண்டாமா? பலர் தலையசைத்தனர். நாங்கள் இலவசமாக வந்து நிற்பதே ஓர் இளைஞரின் பிழைப்பைப் பறிக்கும் என்பதை அந்தக் கணத்தில்தான் கண்ணால் கண்டோம்.

தலைமையாசிரியை பேசுவதற்குமுன், வாழைக்காய் வணிகம் செய்யும் ஓர் அம்மாள் எழுந்தார். "விருந்தாளி இரண்டு நாள்தான் விருந்தாளி, மூன்றாம் நாள் அவன் கையில் மண்வெட்டியைக் கொடு" என்று அவர்களிடையே ஒரு பழமொழி உண்டு. அதைச் சொல்லிவிட்டு, "மண்வெட்டியைத்தான் கொடுக்கச் சொன்னார்கள், நிலத்தையே எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை," என்றார். கூட்டம் சிரித்தது. நாங்களும் எங்கள் அரைகுறைச் சுவாஹிலியில், அந்த ஆசிரியர் இல்லையேல் எங்களால் ஒரு வகுப்பும் நடத்த இயலாது என்று சொன்னோம். அது பணிவுக்காகச் சொன்னதன்று, முழு உண்மை. தொகையை நிறுத்துவதில்லை என்று முடிவாயிற்று. சோளத்திற்கு, வீட்டுக்கு ஒரு வாழைத்தார் விற்றுப் பணம் சேர்ப்பதென ஏற்பாடு செய்தனர்.

ஏன் இயலாது என்பதைச் சொல்ல வேண்டும். தான்சானியாவில் தொடக்கப்பள்ளி ஏழாண்டும் சுவாஹிலியில் கற்கின்றனர். உயர்நிலைப் பள்ளியில் கால் வைத்த அன்றே எல்லாப் பாடமும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. நாட்டுத் தேர்வில் மாணவர் மிகுதியாகத் தவறும் பாடம் கணிதம். எங்களுக்குத் தெரிந்தவரை, அவர்கள் தவறுவது கணக்கில் அன்று. கணக்கைச் சொல்லும் ஆங்கிலத்தில். ஒரு சட்டையின் விலை நூற்றுக்கு இருபது குறைக்கப்பட்டது என்னும் கணக்கை ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதினால் வகுப்பு வாய் மூடிக்கொள்ளும். இளம் ஆசிரியர் அதையே சுவாஹிலியில் சொன்னதும், முன் வரிசைச் சிறுமி தாளைத் தொடாமலே விடை சொல்வாள். சந்தையில் தாயாருடன் அமர்ந்து தக்காளி விற்கும் பெண் அவள். விலைக் குறைப்பை அவளுக்கு யார் கற்பிக்க வேண்டும்? தமிழில் பயின்று, கல்லூரியில் முதல் நாள் ஆங்கிலத்தைக் கண்டு திகைத்தவர்கள் நம் சங்கத்திலும் உண்டு. அவர்களுக்கு இது நன்கு விளங்கும்.

ஆகவே எங்கள் வேலை இவ்வாறு அமைந்தது. மாலைதோறும் ஆசிரியரும் நாங்களும் அமர்ந்து பழைய வினாத்தாள்களைப் பிரித்தோம். எந்த ஆங்கிலச் சொல் மாணவரை மறிக்கிறது என்று தேடினோம். அவர் சுவாஹிலிச் சொல்லை எழுதினார். நாங்கள் அச்சொல் வரும் எளிய கணக்குகளை அமைத்தோம். சிமெண்டுப் பையின் உள்தாளைக் கழுவி உலர்த்தி, அதில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டோம். கற்பித்தவர் அவரே. அவர் உடம்பு நலமின்றி இருந்த நான்கு நாள் மட்டும் எங்களுள் ஒருவர் வகுப்பில் நின்றார். சொல் தடுமாறிய போதெல்லாம் மாணவரே திருத்தினர். அந்நாட்டில் ஆசிரியருக்குப் பெருமதிப்பு. நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஷேக்ஸ்பியரின் இரு நாடகங்களைச் சுவாஹிலியில் பெயர்த்தவர். 1999-இல் அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆன பின்னும் மக்கள் அவரை 'முவாலிமு', அதாவது ஆசிரியர், என்றே குறிப்பிடுகின்றனர். எங்களையும் சந்தையில் அப்பெயரால் அழைத்தபோது கூச்சமாகத்தான் இருந்தது.

மணி கேட்கும் வழக்கத்தை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. காலை ஏழு மணியை அவர்கள் 'முதல் மணி' என்கின்றனர். நண்பகல் பன்னிரண்டு என்பது ஆறாம் மணி. மாலை ஏழு மணிக்கு மறுபடியும் முதல் மணி. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடாகையால் ஆண்டு முழுதும் கதிரவன் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உதிக்கிறான். பகலை அவன் வருகையிலிருந்து எண்ணுவதே இயல்பு. வந்த புதிதில் வெள்ளையர் இதைக் கேட்டுக் குழம்புவர். சூரியோதயத்திலிருந்து நாழிகை எண்ணிய பாட்டனாரின் பேரப்பிள்ளைகளாகிய எங்களுக்கு இது ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

உறவுப் பெயர்களும் அப்படியே. தந்தையின் தமையனுக்குப் 'பாபா முகுப்வா' என்று பெயர். நேராகப் பெயர்த்தால் பெரியப்பா! தந்தையின் தம்பி 'பாபா முடோகோ', சிற்றப்பா. தாய்மாமனுக்கு 'முஜோம்பா' என்றும் அத்தைக்கு 'ஷங்காசி' என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. ஆங்கிலத்தில் எல்லாரையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கும் தொல்லை அங்கே இல்லை. 'மாமா' என்று ஒரு பெண்மணியை அழைக்க வேண்டியிருந்ததுதான் சில நாள் நாவுக்கு இடர் செய்தது. அங்கே அது அம்மா என்று பொருள்படும். மூத்தோரைக் கண்டால் இளையோர் 'ஷிக்காமூ' என்று வணங்குவர். 'உம் பாதம் பற்றுகிறேன்' என்பது அதன் கருத்து என்பர். மூத்தோர் 'மராஹபா' என்று ஏற்றுக்கொள்வர்.

மலைச்சரிவில் வாழ்வோர் சாக்கா இனத்தார். அவர்கள் வீட்டுத் தோட்டம் ஓர் அதிசயம். மேலே உயர்ந்த மரங்கள். அவற்றின் நிழலில் வாழை. வாழையின் கீழே காப்பிச் செடி. அதற்கும் கீழே கிழங்கும் கீரையும் அவரையும். மாட்டை மேய்ச்சலுக்கு விடுவதில்லை. தொழுவத்திலேயே கட்டித் தழை போடுகின்றனர். எரு முழுதும் வாழைக்குச் செல்கிறது. காப்பியை விற்க 1933-லேயே கூட்டுறவு ஒன்றியம் அமைத்தவர்கள். அதன் பெயரால் மோஷியில் பெரிய கட்டடம் இருக்கிறது.

எங்கள் கையில் உண்மையாகவே மண்வெட்டியைக் கொடுத்தது ஜூன் மாதத்தில். மலைமேல் உள்ள காட்டோடையிலிருந்து நீரைத் திருப்பி, சரிவின் வளைவுக்கேற்ப மைல் கணக்கில் ஓட்டிவரும் வாய்க்கால்கள் அங்கே உள்ளன. 'முஃபோங்கோ' என்பர். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே வெட்டப்பட்டவை பல. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு குழு, நீருக்கு முறைநாள், தூர் எடுக்க எல்லாரும் வர வேண்டும், வராதவருக்குத் தண்டம். நம் ஊர்க் குடிமராமத்தைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்; நடக்கக் கண்டது அங்கேதான். ஒரு சனிக்கிழமை காலை எண்பது பேர் வரிசையாக நின்று சேறு அள்ளினோம். ஒருவரும் எங்களைப் படம் எடுக்கவில்லை, நன்றியும் கூறவில்லை. எங்கள் வீட்டுக் குழாய்க்கும் அந்த நீர்தானே வருகிறது! பகல் உணவுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றினர்.

அந்தக் கூழைக் குடித்தபோது ஒரு முதியவர், "இது உங்கள் நாட்டில் உண்டா?" என்றார். உண்டு என்றோம். உண்மையில் கேழ்வரகின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்கள் என்பதே தாவர நூலார் கண்ட முடிவு. சோளமும் கம்பும் ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. நம் புளியும் அப்படித்தான். அராபியர் அதற்கு 'இந்தியப் பேரீச்சை' என்று பெயரிட்டதால் உலகம் அதை நம் மரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் அந்த முதியவரிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் எண்ணிவிட்டு, "விதை கொண்டு போனவன் திரும்பி வந்து விளைச்சல் எப்படி என்று சொல்லவில்லை, நீங்கள் சொன்னீர்கள்," என்று மற்றுமொரு குவளை ஊற்றினார்.

எங்களுள் வங்கிக் கணக்கு பார்ப்பவர், பெண்கள் சேமிப்புக் குழு ஒன்றோடு பழகினார். நம் பெண்டிர் சீட்டுப் பிடிப்பதுபோல் அங்கே 'உப்பாத்து' என்னும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. இப்போதைய குழுக்கள் அதைவிட ஒழுங்கானவை. ஓர் இரும்புப் பெட்டி. அதற்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூவரிடம். பெட்டி நான்காமவர் வீட்டில். நால்வரும் கூடாமல் திறக்க இயலாது. வாரக் கூட்டம் முடியும்போது பெட்டியில் உள்ள தொகையை உரக்கச் சொல்லி எல்லாரும் மனத்தில் பதித்துக்கொள்கின்றனர். அடுத்த வாரம் திறக்கும்முன், சென்ற வாரம் எவ்வளவு என்று கேட்டால் முப்பது வாய்களும் ஒரே தொகையைச் சொல்லும். எழுத்தறியாதவரும் தணிக்கையாளரே. இருபத்தைந்து ஆண்டு வங்கியில் இருந்தவருக்கு அங்கே கற்பிக்க என்ன இருந்தது? ஒன்றே ஒன்று. உறுப்பினர் சிலர் கைப்பேசி வழியாகத் தவணை செலுத்தத் தொடங்கியிருந்தனர். அந்தப் பணம் பெட்டிக்குள் வராமலே கணக்கில் ஏற வேண்டும். அதற்கு ஒரு தனி ஏடு வகுத்து, குழுவின் இளம் செயலாளருக்குப் பழக்கினார். இரண்டு மாதத்தில் அந்த வேலையும் முடிந்தது. பிறகு கூட்டத்திற்குச் சென்றது தேநீருக்காக.

ஜூலையில் ஒரு செல்வ நாட்டிலிருந்து இருபது இளைஞர் பள்ளிக்கு வந்தனர். பத்து நாளில் சுவர்களுக்கு வண்ணம் பூசித் தருவது அவர்கள் திட்டம். நல்ல பிள்ளைகள், ஆனால் தூரிகை பிடித்தறியாதவர்கள். ஊரில் வண்ணம் பூசும் தொழிலாளர் ஒருவர் வேலையின்றி எதிர்த் திண்ணையில் அமர்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை இளைஞர்களின் தலைவரை அழைத்துப் பேசினார். மறுநாள் அந்தத் தொழிலாளரே மேற்பார்வையாளர். அவருக்குக் கூலி இளைஞர் குழுவின் நிதியிலிருந்து. இளைஞர் அவர் சொற்படி சுரண்டினர், தேய்த்தனர், ஏணி பிடித்தனர். சுவர் நன்றாகவே அமைந்தது. அம்மையாரின் ஆட்சித் திறனை நாங்கள் அன்று மனமார மெச்சினோம். அமைச்சராக வேண்டியவர்!

அந்த ஆண்டு நவம்பரில் சான்சிபார் தீவில் சென்னை ஐ.ஐ.டி. தன் கிளையைத் தொடங்கிற்று. வெளிநாட்டில் ஓர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் கிளை தொடங்கியது அதுவே முதல் முறை. செய்தியைக் கேட்ட இளம் ஆசிரியர், "மெட்ராஸ் உங்கள் ஊர்ப் பக்கமா?" என்று கேட்டார். எங்களுக்கு ஏற்பட்ட பெருமையை மறைத்துக்கொள்ள இயலவில்லை. கடை எங்கே என்று கேட்ட நாட்டில் இனிமேல் கல்லூரி எங்கே என்றும் கேட்பார்கள் அல்லவா?

நவம்பரில் நாட்டுத் தேர்வு நடந்தது. டிசம்பரில் ஊர் திரும்பினோம். முடிவுகள் ஜனவரி இறுதியில் வெளிவந்தன. இளம் ஆசிரியர் கைப்பேசியில் அழைத்தார். கணிதத்தில் முந்தைய ஆண்டைவிடச் சிலர் கூடுதலாகத் தேறியிருந்தனர், பெரும்பாலோர் தேறவில்லை. தக்காளி விற்கும் சிறுமி தேறிவிட்டாள். சொற்பட்டியலை அடுத்த வகுப்புக்கு அவரே திருத்தி எழுதிவிட்டதாகவும், நாங்கள் அமைத்த கணக்குகளுள் சில அங்குள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தாதவை என்று நீக்கிவிட்டதாகவும் சொன்னார். இரயில் கணக்குகளாம். அந்த ஊர்ப் பிள்ளைகளுள் இரயில் ஏறியவர் யாரும் இல்லை. அவருக்கு அரசுப் பணி ஆணை அப்போதும் வந்திருக்கவில்லை. பெற்றோர் தொகை தொடர்கிறது என்றார்.

இவ்வாறு செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில செய்திகள். சுற்றுலா அனுமதியில் சென்று தொண்டு செய்வது தான்சானியாவில் சட்டத்துக்குப் புறம்பானது. தொண்டர்களுக்குரிய 'சி' வகுப்புக் குடியிருப்பு அனுமதி வேண்டும். நம்மை ஏற்கும் நிறுவனம் அங்கிருந்தே விண்ணப்பிக்கும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. 2016 முதல் ஒரு முறை போட்டுக்கொண்டால் ஆயுள் முழுதும் செல்லும். கொசுவலை இன்றியமையாதது. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. மார்ச் முதல் மே வரை பெருமழை, மலைப்பாதையெல்லாம் செஞ்சேறு. ஜூன், ஜூலையில் கம்பளி இல்லாமல் உறங்க இயலாது. எந்த நிறுவனம் அழைத்தாலும், "நீங்கள் கேட்கும் வேலையைச் செய்ய உங்கள் ஊரில் ஆள் இல்லையா?" என்று முன்னதாகவே எழுதிக் கேளுங்கள். விடை தர மறுப்பவரிடம் போகாதீர்கள். ஆறு மாதத்திற்குக் குறைவாகத் தங்குவதாயின் மலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவும் நல்ல பயணமே. புறப்படுமுன் மும்பையிலேயே நூறு சுவாஹிலிச் சொற்களையாவது பழகிக்கொள்ளுங்கள். பேருந்து 'முதல் மணிக்கு' என்று யாரேனும் சொன்னால், காலை ஏழு மணிக்கு நிலையத்தில் இருங்கள்.